ஸ்டாக் அவுட்போர்டு மோட்டாரை விதி மீறாமல், பணம் கரையாமல் ரேஸுக்குத் தயார் செய்வது எப்படி

அவுட்போர்டு என்பது படகின் பின்னால் மாட்டும் மோட்டார். ஸ்டாக் அவுட்போர்டு படகு ரேஸில் அந்த மோட்டார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தப் பிரிவு வளர்ந்ததற்கு முக்கியக் காரணம், கடையில் வாங்கிய மோட்டாரை ஒரு மரப்படகின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தவராலும் போட்டியிட முடிந்ததுதான். அங்கே பந்தயங்களுக்கு விதி வகுக்கும் அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன் (ஏபிபிஏ), அவுட்போர்டுகளைத் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருக்கிறது. எஞ்சினுக்குள் கைவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மாடிஃபைடு பிரிவு இருக்கிறது. மெத்தனாலும் டியூன்டு பைப்பும் (சக்தி கூடும்படி வடிவமைத்த புகைக்குழாய்) வேண்டும் என்பவர்களுக்குப் புரோ பிரிவு. ஸ்டாக்கில் பெட்ரோலும் ஆயிலும் மட்டும்தான். எஞ்சினுக்குள் செய்ய அனுமதிக்கப்பட்ட வேலையும் மிகக் குறைவு.

இந்தக் கட்டுப்பாடுகள் செலவைக் குறைக்கத்தான் இருக்கின்றன. ஆனால் விதி எந்த இடத்தை இறுக்கிப் பிடிக்கவில்லையோ அந்த இடத்துக்குப் பணம் தானாக ஓடும். எந்த மாற்றம் அனுமதி, எது தடை என்று தெரிந்துகொள்வதோடு, எந்தச் செலவுக்கு வேகம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

விதிநூலை எப்படிப் படிப்பது

ஸ்டாக் விதிகளைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. "இதைச் செய்யக் கூடாது என்று எங்கும் எழுதவில்லையே" என்ற வாதம் பரிசோதனை மேசையில் எடுபடாது. செய்யலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் செய்யலாம். எழுதாதது எல்லாம் தடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டியவை மூன்று. பிரிவு முழுவதற்குமான பொது விதி முதலில். அடுத்து உங்கள் கிளாஸுக்கான விதி: எந்த மோட்டார்கள், எவ்வளவு எடை, ரெஸ்ட்ரிக்டர் (காற்று வழியைக் குறுக்கும் துளைத் தகடு) உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடைசியாக அந்த மாடல் மோட்டாருக்கான அளவுத் தாள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயுத் திறப்பு) உயரம், எரியறைக் கொள்ளளவு, ரீட் ஸ்டாப் (ரீட் வால்வின் இதழ் திறப்பதற்கு எல்லை வைக்கும் தகடு) உயரம், கார்புரேட்டர் வெஞ்சுரி (காற்று வழியின் குறுகல்), ஃப்ளைவீல் எடை போன்ற எண்கள் இருப்பது இந்தத் தாளில்தான். இதை நகலெடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மோட்டாரில் நீங்களே அளந்த எண் அதில் ஏற வேண்டும். விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் நடப்பு ஆண்டுப் பதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்; மோட்டாரோடு சேர்த்து யாரோ கொடுத்த பழைய தாளை நம்பி பிஸ்டன் வாங்கினால் அந்தப் பிஸ்டன் அலமாரிக்குத்தான் போகும்.

சந்தேகம் வந்தால் தலைமைப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். "எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்று பக்கத்துக் கூடாரத்தில் சொன்னது அனுமதி ஆகாது.

கிளாஸைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மோட்டார்

மோட்டார் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற கிளாஸைத் தேடுவது, செலவு ஏறுவதற்கான நிச்சயமான வழி. முதலில் உங்கள் பகுதியில் எந்தக் கிளாஸில் படகுகள் நிறைய வருகின்றன என்று பாருங்கள். ஆறேழு பேர் ஓட்டும் கிளாஸில் உதிரிபாகம் கைமாறும், புரொப்பெல்லர் கடன் கிடைக்கும், பழைய மோட்டாரை விற்கவும் முடியும். இரண்டே பேர் ஓட்டும் கிளாஸில் இவை எதுவும் கிடையாது.

கிளாஸ்கள் பழைய கணக்கில் கன அங்குலத்தில் பிரிக்கப்பட்டவை. ஏ என்றால் 15 கன அங்குலம் வரை, அதாவது சுமார் 246 சிசி. பி என்றால் 20 வரை, 328 சிசி. டி என்றால் 40 வரை, 655 சிசி. பல கிளாஸ்களுக்கு ஹைட்ரோ (நீரை மிகக் குறைவாகத் தொட்டுச் சறுக்கும் படகு), ரன்அபவுட் (சாதாரண அடிப்பகுதி கொண்ட படகு) என்று இரண்டு வடிவம் உண்டு. இதில்தான் பெரிய சேமிப்பு இருக்கிறது: ஒரே மோட்டாரை இரண்டு படகிலும் மாற்றி மாட்டி ஒரே நாளில் இரண்டு கிளாஸ் ஓட்டலாம். நுழைவுக் கட்டணமும் இன்னொரு படகும் கூடும்; மோட்டார் செலவு இரட்டிக்காது.

சிறுவர்களுக்கான ஜே கிளாஸில் 9 வயதிலிருந்தே ஓட்டலாம். கார்புரேட்டருக்குப் பின்னால் வைக்கும் ரெஸ்ட்ரிக்டர் தகடு அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. குழந்தை வளர வளர, தகட்டையும் கிளாஸையும் மாற்றி அதே மோட்டாரைத் தொடர முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து உதிரிபாகம். மெர்க்குரியின் சிறிய ரேஸிங் மோட்டார்கள் பல காலமாக இந்தப் பந்தயத்தின் முதுகெலும்பு. அவற்றில் பல இப்போது தயாரிப்பில் இல்லை. தயாரிப்பு நின்ற மோட்டாருக்கு அசல் பிஸ்டனும் கிராங்க்கும் குறையக் குறைய விலை ஏறும். அதனால் விதிநூலில் "அங்கீகரிக்கப்பட்ட மாற்று உதிரிபாகம்" என்ற பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று பாருங்கள். பட்டியல் நீளமாக இருக்கும் மோட்டாரே பத்து வருடம் தாங்கும் மோட்டார். மற்றொரு பக்கம் யமாட்டோ: ஜப்பானின் படகுப் பந்தயத்துக்காகவே செய்யப்படும், இரண்டு சிலிண்டர், சுமார் 400 சிசி மோட்டார். அங்கே பந்தயத் திடல்கள் மோட்டார்களை ஒரு வருடம் பயன்படுத்திவிட்டு மாற்றிவிடுவதால், பயன்படுத்திய மோட்டார்கள் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ஸ்டாக் ரேஸில் யமாட்டோ கிளாஸ்கள் வேரூன்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பயன்படுத்திய மோட்டாரை வாங்கும் முன் அளப்பது

பழைய மோட்டாரை வாங்கும்போது அதன் முந்தைய உரிமையாளர்கள் செய்த திருட்டு வேலையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். பரிசோதனையில் மாட்டினால், யார் குடைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டினவர் தகுதி இழப்பார். தேவையான கருவிகள் அதிகமில்லை: 0.02 மிமீ வரை படிக்கும் வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், உட்புற அளவுக்கு டெலஸ்கோபிக் கேஜ், ஸ்பார்க் பிளக் துளையில் திருகும் பிடிப்புடன் ஒரு டயல் கேஜ், ஃபீலர் கேஜ், 25 அல்லது 50 சிசி பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்), கிராமில் காட்டும் தராசு.

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். ஃப்ளைவீலைக் கழற்றி எடை போடுங்கள். பின்பக்கம் கடைசல் போட்டு இலேசாக்கியிருந்தால் எடையிலேயே தெரிந்துவிடும். கார்புரேட்டரில் வெஞ்சுரியின் குறுகலான இடத்தை இரண்டு திசையில் அளக்கவும். பளபளப்பாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும், வார்ப்பில் வந்த உட்பரப்பு அப்படி இருக்காது. த்ராட்டில் தண்டு பாதி சீவப்பட்டிருக்கிறதா, பட்டர்ஃப்ளை தகட்டின் விளிம்பு கத்தி போல் தீட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரெஸ்ட்ரிக்டர் இருந்தால் துளையின் விட்டம் மட்டும் போதாது. விளிம்பு இரண்டு பக்கமும் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சற்றே வளைத்துத் தேய்த்தாலும் அதே விட்டத்தில் அதிகக் காற்று போகும். அனுபவமுள்ள பரிசோதகர் முதலில் நகத்தால் தடவிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.

ரீட் வால்வில் இதழ் நுனி உடைந்திருக்கிறதா, ஸ்டாப் வளைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஸ்டாப்பின் உயரத்தை இதழ் அமரும் பரப்பிலிருந்து அளக்க வேண்டும். உடைந்த இதழ்த் துண்டு கிராங்க்கேஸுக்குள் போயிருந்தால் பிஸ்டனில் கீறல் இருக்கும், அதையும் தேடுங்கள்.

போர் அளக்கும்போது மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் அளந்து ஆறு எண்களையும் எழுதுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வார்ப்பிரும்பு லைனர் 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 62 மிமீ போர் கிட்டத்தட்ட 0.03 மிமீ பெரிதாகக் காட்டும். எல்லையை ஒட்டி இருக்கும் மோட்டாருக்கு இந்த 0.03 போதும் தகுதி இழக்க.

ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். போர் 2 7/16 அங்குலம், ஸ்ட்ரோக் 2 1/8 அங்குலம் உள்ள இரட்டை சிலிண்டர் மோட்டாரின் கொள்ளளவு 19.83 கன அங்குலம். 0.010 அங்குலம் ரீபோர் செய்தால் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கினால்) 19.995. 0.015 செய்தால் 20.08, பி கிளாஸின் 20 என்ற எல்லையைக் கடந்தாயிற்று. எனவே ஓவர்சைஸுக்கு விதிநூல் தனிச் சலுகை தருகிறதா, எத்தனை அங்குலம் வரை என்று பார்க்காமல் பிளாக்கை ரீபோர் கடைக்கு அனுப்பாதீர்கள். சிலிண்டரிலிருந்து ஒருமுறை எடுத்த உலோகம் திரும்ப வராது.

எரியறைக் கொள்ளளவு: அதிகம் பேர் தவறாக அளக்கும் இடம்

மெர்க்குரியின் பழைய மோட்டார்களில் ஹெட் தனியாகக் கழலாது. சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. எனவே பிளக் துளை வழியாகத்தான் அளக்க வேண்டும். முறை இதுதான்:

1. சிலிண்டரைப் பூட்டுவதற்கு முன் ரிங்குகளைச் சுற்றித் திக்கான கிரீஸ் பூசுங்கள். இல்லையென்றால் திரவம் ரிங் இடைவெளி வழியே கீழே கசியும், அளவு கூடுதலாக வரும்.

2. டயல் கேஜை பிளக் துளையில் திருகி, பிஸ்டனை டாப் டெட் சென்டருக்கு (அது உச்சியில் நிற்கும் நிலைக்கு) கொண்டுவந்து ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக் கட்டுங்கள். உச்சியில் பிஸ்டன் நகர்வது மிகக் குறைவு. முள் நிற்கும் இடத்தின் இரு பக்கமும் 0.5 மிமீ இறங்கும் கோணங்களைக் குறித்து, நடுப்புள்ளியை எடுப்பதுதான் சரியான முறை.

3. பிளக் துளை உச்சியில் வரும்படி பிளாக்கைச் சாய்த்து வையுங்கள். சாய்வு தவறினால் காற்றுக்குமிழி சிக்கி, கொள்ளளவு குறைவாகக் காட்டும்.

4. பாதி மண்ணெண்ணெய், பாதி ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கலந்து பியூரெட்டில் ஊற்றுங்கள். வெறும் மண்ணெண்ணெய் சீக்கிரம் கசியும், வெறும் ஆயில் குமிழியைப் பிடித்து வைக்கும்.

5. துளையின் மேல் திருகுமறை வரை நிரப்பி ஒரு நிமிடத்துக்குள் படியுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. அந்த அளவைத் தூக்கிப்போட்டுவிட்டு மீண்டும் கிரீஸ் பூசுங்கள்.

6. அளவுத் தாள் எரியறையை மட்டும் கேட்கிறதா, பிளக் துளையோடு சேர்த்துக் கேட்கிறதா என்று பாருங்கள். 14 மிமீ பிளக், 12.7 மிமீ மறை நீளம் என்றால் துளை மட்டும் சுமார் 1.7 சிசி.

அந்த 1.7 சிசி சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு சிலிண்டரின் இடப்பெயர்ச்சி 162.5 சிசி, எரியறை 20 சிசி என்று வைத்துக்கொள்வோம். முழு ஸ்ட்ரோக் கணக்கில் அமுக்க விகிதம் 9.1. எரியறை 18.5 ஆனால் 9.8. அதாவது துளையைக் கணக்கில் சேர்க்க மறந்தவரின் பிழையே, ஏமாற்றுகிறவர் திருடும் அளவைவிடப் பெரியது. மூன்று முறை அளந்து, மூன்றும் 0.2 சிசிக்குள் ஒத்துவந்தால்தான் எழுதுங்கள்.

நேர்மையான மோட்டாரும் இங்கே தோற்பதுண்டு. காரணம் கார்பன். பிஸ்டன் தலையிலும் எரியறையிலும் கரி படியப் படியக் கொள்ளளவு குறையும். எல்லை 20.0 என்றால் 20.0-க்கே வைத்துக் கட்டியவர் சீசன் நடுவில் 19.8-ல் நிற்பார். குறைந்தபட்ச எல்லைக்கு மேல் 0.3 சிசி மிச்சம் விட்டுக் கட்டுங்கள். அதனால் இழக்கும் வேகத்தைக் கடிகாரத்தில் கண்டுபிடிக்க முடியாது.

போர்ட் உயரம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் குணத்தை வேறு எதையும்விட எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்புதான் முடிவு செய்கிறது. 56 மிமீ ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில் அதை 0.5 மிமீ உயர்த்தினால் போர்ட் திறந்திருக்கும் காலம் மொத்தமாக 2 டிகிரிக்குச் சற்றே அதிகமாகும். அதனால்தான் போர்ட் உயரத்தில் விதி கண்டிப்பாக இருக்கிறது. அளக்க, டயல் கேஜை டாப் டெட் சென்டரில் பூஜ்ஜியம் செய்து, எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு சிறிய விளக்கு வைத்து, ஃப்ளைவீலை மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் விளிம்புக்கும் போர்ட்டுக்கும் நடுவே முதல் ஒளிக்கீற்று தெரியும் கணத்தில் கேஜைப் படியுங்கள். 0.04 மிமீ ஃபீலரைச் செருகி, அது விடுபடும் கணத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். எல்லா சிலிண்டருக்கும் இதைச் செய்ய வேண்டும். பிளக் துளை சாய்வாக இருந்தால் டயல் கேஜின் தண்டும் சாய்ந்து, பிஸ்டன் நகர்ந்த தூரத்தைத் தவறாகக் காட்டும். அப்போது டிகிரி வீல் வைத்துக் கோணத்தில் அளந்து, ஸ்ட்ரோக்கையும் கனெக்டிங் ராட் நீளத்தையும் கொண்டு கணக்கிட வேண்டும்.

கண்ணாலும் பாருங்கள். வார்ப்பில் வந்த போர்ட்டின் உட்புறம் மணல் பதிந்த சொரசொரப்போடு இருக்கும். கிரைண்டர் பட்ட இடத்தில் நேர்க்கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளை மறைக்க மணல் அடித்திருந்தால் சொரசொரப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், வார்ப்பில் அப்படிச் சீராக வருவதில்லை. கிராங்க்கேஸுக்குள் எபாக்ஸி போட்டு இடத்தை நிரப்பியிருக்கிறார்களா என்று ஒரு கூர் ஊசியால் கீறிப் பாருங்கள். ரீபோர் செய்த பிறகு போர்ட் விளிம்பில் ரிங் மாட்டாமல் இருக்க லேசாகக் கூர் மழுக்குவது தேவையான வேலை. அது எத்தனை அகலம் வரை அனுமதி என்று விதியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அளவு மீறினால் அதுவே போர்ட்டை உயர்த்தியதாகக் கணக்காகும்.

அனுமதிக்கப்பட்ட வேலை

எஞ்சினைச் சரியான அளவில், சரியான இடைவெளியோடு, நேராகப் பூட்டுவது எப்போதுமே அனுமதி. எஞ்சினிலிருந்து கிடைக்கும் வேகத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. கிராங்க்கின் இரு முனையையும் வி பிளாக்கில் வைத்து சுழற்றி டயல் கேஜில் பார்த்தால் ஆட்டம் (ரன்அவுட்) 0.05 மிமீக்குள் இருக்க வேண்டும். பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி, மோட்டாரின் கையேடு சொல்வதில் அதிகபட்சத்தை நோக்கி இருக்கட்டும். 60 மிமீ அளவிலான போர்களுக்கு இது பெரும்பாலும் 0.10 முதல் 0.13 மிமீ வரை வரும். முழு த்ராட்டிலில் சுற்றுச்சுற்றாக ஓடும் எஞ்சினுக்கு நெருக்கமான இடைவெளி ஆகாது, சீஸ் ஆகிவிடும் (பிஸ்டன் இறுகி நின்றுவிடும்). ரிங் முனை இடைவெளியைப் போரில் ரிங்கைச் சதுரமாக, பிஸ்டனால் தள்ளி வைத்து அளக்கவும். இந்த அளவுக்கு 0.25 மிமீ சுற்றுவட்டாரம் சரி. முனைகள் இடித்தால் ரிங் உடைந்து போர்ட்டில் சிக்கும், போரும் கெடும், பிஸ்டனும் போகும்.

ஃப்ளைவீல் சாவி (ஃப்ளைவீலைக் கிராங்க்கில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு) அறுந்துபோவது ஸ்டாக் மோட்டார்களில் அடிக்கடி நடக்கிறது. சாவியை மாற்றினால் மட்டும் தீராது. சுமையைத் தாங்குவது கிராங்க்கின் கூம்புப் பகுதி. சாவி டைமிங்கை இடத்தில் வைக்க மட்டுமே. கூம்பில் நீலச்சாயம் தடவி ஃப்ளைவீலை வைத்துப் பாருங்கள். முக்கால் பங்குக்குக் குறைவாகத் தொட்டால் மெல்லிய வால்வு பேஸ்ட் போட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்த்து, ஆயில் துளிகூட இல்லாமல் துடைத்து, கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள்.

கியர்கேஸில் ஒவ்வொரு ரேஸ் நாளுக்குப் பிறகும் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. ஒரு சீலின் விலைக்கும் ஒரு ஜோடி கியரின் விலைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

டயனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவியில்) ஏற்றி, பத்துப் பிஸ்டனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளவுத் தாளின் ஒவ்வொரு எல்லைக்கும் நூலளவு உள்ளே நிற்கும்படி எஞ்சின் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டபூர்வமான வேலை, திறமையும் கூட. ஆனால் படகை இன்னும் சரியாக செட் செய்யத் தெரியாத முதல் இரண்டு சீசனில் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அதே பணத்தில் ஒரு செட் பிஸ்டன், ரிங், பேரிங், சீல், ரீட் இதழ்கள் வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

எரிபொருள்

கலவை 24:1 என்றால் 12 லிட்டர் பெட்ரோலுக்கு 500 மிலி ஆயில். கண்மட்டத்தில் ஊற்றக் கூடாது. பலர் கவனிக்காத ஒன்று: ஆயிலைக் கூட்டினால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது, எஞ்சின் லீனாகிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைப்பதில்லை). எனவே ஆயில் விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டர் ஊசியை மறுபடி செட் செய்ய வேண்டும். முழு த்ராட்டிலில் நேர் ஓட்டத்தில் ஓடும்போதே சுவிட்சை அணைத்து, படகு நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்; கலவை சரியா என்பதை அதன் நிறம் சொல்லும். மெதுவாக ஓட்டிக் கரைக்கு வந்தபின் பார்த்த பிளக் எதையும் சொல்லாது.

எரிபொருள் பரிசோதனையில் கலவையின் மின் பண்பை ஒரு மீட்டர் அளக்கும். ஆல்கஹாலும் நீரும் முள்ளைத் தூக்கிவிடும். ஏமாற்ற நினைக்காதவர்கள் மாட்டுவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: மெத்தனால் வைத்திருந்த கேனைக் கழுவிப் பயன்படுத்தியது, பாதி காலியான டாங்க்கில் ஈரம் சேர்ந்தது, எத்தனால் கலந்த பெட்ரோலை விதி என்ன சொல்கிறதென்று பாராமல் வாங்கியது. இந்த மோட்டாருக்கென்று ஒரு கேன், ஒரு புனல், ஒரு குழாய் ஒதுக்கி வையுங்கள். ரேஸுக்கு முன்பே பரிசோதகரிடம் ஒரு சிறு மாதிரியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

புரொப்பெல்லரும் உயரமும்

எஞ்சினுக்கு விதி பூட்டுப் போட்டால் பணம் புரொப்பெல்லருக்கு ஓடும். ஜப்பானியப் படகுப் பந்தயமே இதற்குச் சாட்சி. அங்கே மோட்டார்கள் திடலுக்குச் சொந்தம். ஓட்டுநர்களுக்குக் குலுக்கலில் கிடைக்கும். அப்படியிருந்தும் ஓட்டுநர் சொந்தப் புரொப்பெல்லர் கொண்டுவரலாம் என்ற ஏற்பாடு இருந்தவரை வித்தியாசம் அதில் வந்து நின்றது. 2012-ல் அந்த ஏற்பாட்டை நிறுத்தி, மோட்டாரோடு சேர்த்தே புரொப்பெல்லரையும் ஒதுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு டஜன் புரொப்பெல்லர் வாங்குவதற்கு முன் இருப்பதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளுங்கள். மைல் கணக்கில் கோட்பாட்டு வேகம் என்பது நிமிடச் சுற்று வேகத்தை அங்குலப் பிட்ச்சால் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேறும் தூரம்) பெருக்கி, கியர் விகிதத்தைச் சரிக்கட்டி, 1056-ஆல் வகுத்தால் வருவது. ஒன்றுக்கு ஒன்று கியரில் 6,600 சுற்று, 9 அங்குலப் பிட்ச் என்றால் 56.25. ஜிபிஎஸ் 51 காட்டினால் நழுவல் 9 சதவீதம் சொச்சம். நழுவல் 15-க்கு மேல் போனால் புதுப் புரொப்பெல்லரைத் தேடாதீர்கள்; மோட்டார் மாட்டிய உயரம் தவறு, அல்லது புரொப்பெல்லர் இலை வளைந்திருக்கிறது, அல்லது படகின் அடிப்பகுதி சரியில்லை.

உயரம் பார்க்க, படகின் அடியில் நேர்ப்பட்டையை ஒட்டிவைத்து, அதிலிருந்து புரொப்பெல்லர் தண்டின் மையம் வரை அளக்கவும். ஒருமுறைக்கு 1.5 மிமீ மட்டும் மாற்றுங்கள், அதோடு வேறெதையும் மாற்றாதீர்கள். மோட்டாரை உயர்த்த உயர்த்த நேரோட்டத்தில் வேகம் கூடும். ஒரு கட்டத்தில் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து எஞ்சின் அலறும். அந்த இடத்திலிருந்து 1.5 மிமீ இறக்குங்கள். உயரத்தோடு குளிர்விக்கும் நீர் வருகிறதா என்பதையும் பாருங்கள். நீர் எடுக்கும் துளை வெளியே வந்தால் சில நிமிடங்களில் சீஸ் ஆகும். தண்டின் சாய்வுக் கோணத்தையும் இதே பொறுமையோடு மாற்றுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு சில மரத் தகடுகளும் ஒரு மதியமும்தான். கட்டிய எஞ்சின் தரும் வேகத்தைவிட அதிகம் இங்கே கிடைப்பது சாதாரணம்.

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், வெட்டுத் தாங்கும் கெவ்லார் உடை, ஓட்டுநரோடு கட்டிய கில் சுவிட்ச் (ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை அணைப்பது) இவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ரேஸிங் கியர்கேஸில் நியூட்ரல் கிடையாது. எஞ்சின் பிடித்த கணமே புரொப்பெல்லர் சுற்றும்.

கிளப்புகள் விதி எழுதும்போது

உள்ளூரில் ஒரு கிளாஸைத் தொடங்குகிறவர்களுக்கு: கரையில், அரை மணி நேரத்தில் அளக்க முடியாத எதையும் விதியாக எழுதாதீர்கள். "பாலிஷ் செய்யக் கூடாது" என்பதை நிரூபிக்க முடியாது. "வெஞ்சுரிக்குள் இந்த விட்டமுள்ள ஊசி கேஜ் நுழையக் கூடாது" என்பது யாரும் சண்டையிட முடியாத விதி. தொழிற்சாலை வார்ப்புகளில் இருக்கும் இயல்பான வேறுபாட்டை ஐந்தாறு மோட்டார்களில் அளந்தபின் எல்லை வையுங்கள். இல்லையென்றால் யாரும் தொடாத மோட்டாரே தோற்கும். மாற்று உதிரிபாகத்தை அனுமதிக்கும் முன் அசலோடு எடையும் வடிவமும் ஒப்பிட்டு, பாகத்தின் பெயரோடு பட்டியலில் சேருங்கள்.

விதியை வருடாவருடம் மாற்றுவது எல்லோரையும் புதுப் பாகம் வாங்க வைக்கும். பாதுகாப்புக்கான திருத்தம் தவிர மற்றவற்றை மூன்று வருடம் உறையவைப்பது நல்லது. புரொப்பெல்லருக்கு ஒரே மாடல் அல்லது சீசனுக்கு இரண்டு என்று வரம்பு வைத்தால் செலவு உடனே இறங்கும். எஞ்சின்களுக்கு முத்திரைக் கம்பி போடுவது நிர்வாகத்துக்கு வசதி, ஆனால் முத்திரை போட அங்கீகரிக்கப்பட்டவர் ஒருவரே என்றால் அவர் கேட்பதுதான் விலை. குறைந்தது இரண்டு பேரை வையுங்கள். குறைந்தபட்ச எடையை ஓட்டுநரோடு சேர்த்தே விதியுங்கள். எடை குறைந்த ஓட்டுநர் ஈயக் கட்டியைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், வெறுமனே வைக்க விடாதீர்கள்.

பரிசோதனை நாளில்

ரேஸ் முடிந்து கரைக்கு வந்ததும் நேராகத் தராசுக்குப் போங்கள். நடுவில் எதையும் இறக்கவோ ஏற்றவோ கூடாது, தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்காதீர்கள். எல்லைக்கு மேல் இரண்டு மூன்று கிலோ மிச்சம் இருக்கட்டும். ரேஸில் எரியும் பெட்ரோலும், கடைசிச் சுற்றில் கழன்று விழும் சிறு பாகமும் அதற்குள் அடங்கும். மோட்டாரைப் பிரிக்கச் சொன்னால் பிரிப்பது உங்கள் வேலை, அளப்பது அவர் வேலை. ஒரு மாற்றுக் கேஸ்கெட் செட், சரியான அளவு ஸ்பானர்கள், நீங்கள் நிரப்பிய அளவுத் தாள் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். பரிசோதகரின் எண்ணும் உங்கள் எண்ணும் மாறினால், எந்த உஷ்ணத்தில், எந்தக் கருவியில், எந்த இடத்தில் அளந்தார் என்று கேட்டு அவர் முன்னிலையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அவர் அளந்த எண்ணை உங்கள் தாளில், தேதியோடு, பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எஞ்சின் கட்டும்போது அவருடைய கருவி காட்டிய எண்ணை வைத்தே எல்லையைக் கணக்கிடுங்கள்.